தொழுநோயும் மரபு என்னும் சொல்லும்

இலக்கியம் பயின்ற நமக்கு 'மரபு' பெருமைக்குரிய சொல். தொழுநோயாளர் குடும்பங்களுக்கோ அது தலைமுறைகளாய்ச் சுமந்த பழி.

நார்வேயின் பெர்கன் நகரில் பணியாற்றிய டேனியல்சன், போக் என்பாருடன் சேர்ந்து 1847-இல் வெளியிட்ட பெருநூலில், இந்நோய் பரம்பரையாக வருவதென்றார். ஒரே குடும்பத்தில் பலர்க்கு வந்ததைக் கண்டு அவர் கொண்ட முடிபு அது. 1873-இல் அவருடைய மருமகனான ஹான்சனே தொழுநோய்க் கிருமியைக் கண்டறிந்து, மாமனாரின் கொள்கையைத் தகர்த்தார். பரம்பரைவாதம் அத்துடன் மடிந்ததென்றே பலரும் கருதினர்.

ஆயினும் ஒரு வினா எஞ்சி நின்றது. கிருமியை எதிர்கொள்வோரில் மிகப் பெரும்பாலோர்க்கு நோய் வருவதேயில்லை. வந்தவருள்ளும் ஒருவர்க்கு உணர்ச்சியற்ற ஓரிரு தேமல்கள். மற்றொருவர்க்கு உடலெங்கும் தடிப்புகள். உலகெங்கும் இக்கிருமியின் மரபணுக்கள் ஏறத்தாழ ஒன்றுபோலவே இருக்கின்றன. அங்ஙனமாயின் வேறுபாட்டைப் பெரிதும் மனித உடலிலன்றோ தேடவேண்டும்? 2001-இல் தென்னிந்தியக் குடும்பங்களை ஆராய்ந்தோர் பத்தாம் குரோமோசோமில் ஒரு பகுதியைச் சுட்டினர். 2004-இல் வியட்நாமியரிடம் நடந்த ஆய்வு, பார்க்கின்சன் நோயோடு தொடர்புடைய மரபணுவொன்றுக்கும் இதில் பங்குண்டு என்றது. 2009-இல் சீனரிடம் செய்த விரிவான ஆய்வில், நோயெதிர்ப்போடு தொடர்புடைய வேறு சில மரபணுக்களும் தெரியவந்தன.

ஆக, டேனியல்சன் வென்றுவிட்டாரா? இல்லை என்பதே நம் கருத்து. வழிவழி வருவது நோயன்று. கிருமியை உடல் எதிர்கொள்ளும் முறை மட்டுமே. கிருமி புகாத உடலில் அந்த மரபணுக்களால் தொழுநோய் தோன்றாது. ஒரு குடும்பத்தினர் பகிர்வது மரபணுக்களை மட்டுமா? ஒரே கூரையையும், ஒரே காற்றையும், ஒரே வறுமையையும்கூடத்தான்.

இதை நாம் வலியுறுத்தக் காரணமுண்டு. தொழுநோயாளரை அடைத்துவைக்க வழிசெய்த 1898-ஆம் ஆண்டுச் சட்டம் 2016-இல்தான் நீக்கப்பட்டது. மணமுறிவுக்குத் தொழுநோயை ஒரு காரணமாக ஏற்ற சட்டப்பிரிவுகள் 2019-இல்தான் அகன்றன. சட்டம் மறந்ததைச் சம்பந்தம் பேசுவோர் மறப்பதில்லை. "அந்த வீட்டில் யாருக்கோ இருந்ததாமே" என்ற ஒரு வரியில் ஒரு பெண்ணின் வாழ்வு நின்றுபோகும். 'மரபணுவில் தொழுநோய்' என்று அரைகுறையாய் எழுதப்படும் செய்தி, அந்த வரிக்கு அறிவியல் முத்திரை குத்திவிடும்.

அதற்காக ஆய்வே கூடாதென்பதும் பேதைமை. தொழுநோய்க்குத் தரும் டாப்சோன் மருந்து சிலர்க்கு உயிராபத்தான ஒவ்வாமையை உண்டாக்கும். அவர்களை முன்கூட்டியே இனங்காண உதவும் மரபணுக்கூறு 2013-இல் சீனரிடம் கண்டறியப்பட்டது. மரபணு அறிவின் பயன் இத்தகையது: நோயாளியைக் காப்பதற்கு, அவர் குலத்தை அளப்பதற்கன்று.

ஆறு அல்லது பன்னிரண்டு மாதக் கூட்டுமருந்துச் சிகிச்சையில் குணமாகும் நோய் இது. தமிழில் அறிவியல் எழுதும் நண்பர்கள், மரபணுவைப் பற்றி எழுதும்போதெல்லாம் இவ்வுண்மையையும் உடன் எழுதவேண்டும் என்பதே நம் வேண்டுகோள்.