ஹவில்தார் சட்டை வீட்டில் இருக்கலாமா?
பெட்டியில் இருந்தால் சரித்திரம்! போட்டுக்கொண்டு ஏமாற்றினால் ஜெயில்!

ஆவடி—

பட்டாளத்தில் இருந்து ஓய்வு பெற்றவர் வீட்டில் ஒரு டிரங்குப் பெட்டி இருக்கும். அதற்குள் மடித்து வைத்த சட்டை. கையில் மூன்று பட்டை. பெரியவர் காலமானதும் சட்டை எங்கே போகிறது? பழைய துணிக்காரரிடம் போட்டு எவர்சில்வர் பாத்திரம் வாங்கிவிடுவார்கள்!

ஆனால், இந்தச் சட்டையைத் தேடி அலைகிறவர்கள் உலகம் முழுவதும் இருக்கிறார்கள்.

ஏன் இந்த மவுசு?

பெரிய அதிகாரிகளின் விழா உடுப்பு அலமாரியில் பத்திரமாகத் தங்கிவிடும். ஹவில்தார், சுபேதார் உடுப்பு அப்படி அல்ல. வெயிலிலும் மழையிலும் போட்டு உழைத்தது. கிழிந்து கந்தலாகிவிடும். மிஞ்சுவது கொஞ்சம்தான்.

மூன்று பட்டை என்றால் ஹவில்தார். தோளில் இரண்டு நட்சத்திரமும் ஒரு ரிப்பன் பட்டையும் இருந்தால் சுபேதார். அசோகச் சிங்கமும் ரிப்பன் பட்டையும் இருந்தால் சுபேதார் மேஜர்.

உடுப்பு தைக்கும் ஊர்

ஆவடிக்கு ராணுவ உடுப்பு புதிது அல்ல. அதைத் தைக்கும் தொழிற்சாலையே இங்குதான் இருக்கிறது. 2021 அக்டோபர் 1 முதல் ட்ரூப் கம்பர்ட்ஸ் என்ற மத்திய அரசு கம்பெனியின் கீழ் அது நடக்கிறது.

2022 ஜனவரி 15 ராணுவ தினத்தில் புது மாதிரி போர் உடுப்பு அறிமுகமானது. அந்த டிசைனை ராணுவம் தன் பெயரில் பதிவு செய்துவிட்டது. கண்ட கடையிலும் தைத்து விற்க முடியாது. புதுசு வந்ததால், பெட்டியில் கிடக்கும் பழைய மாதிரி சரித்திரப் பொருள் ஆகிறது.

போலீஸ் எப்போது பிடிக்கும்?

2016 ஜனவரியில் பதான்கோட் விமானப்படைத் தளத்துக்குள் புகுந்த தீவிரவாதிகள் ராணுவ உடுப்பில் வந்தார்கள். அதன் பிறகுதான் கெடுபிடி அதிகம். பொதுமக்கள் ராணுவ உடுப்பு அணிய வேண்டாம், கடைக்காரர்கள் விற்க வேண்டாம் என்று ராணுவம் கேட்டுக்கொண்டது.

பாரதிய நியாய சன்ஹிதா 168-வது பிரிவு தெளிவாக இருக்கிறது. சிப்பாய் அல்லாதவர், சிப்பாய் என்று பிறர் நம்பவேண்டும் என்ற எண்ணத்தோடு அந்த உடுப்பைப் போட்டால் குற்றம். 3 மாதம் வரை ஜெயில், அல்லது 2,000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். அப்பாவின் சட்டையைப் பெட்டியில் வைத்திருப்பது இந்தப் பிரிவில் வராது.

வீட்டார் செய்யவேண்டியது

பெயர், ரெஜிமென்ட், வேலை பார்த்த வருடங்கள் மூன்றையும் ஒரு சீட்டில் எழுதிச் சட்டையோடு வையுங்கள். சீட்டு இல்லாத சட்டை வெறும் துணி. கோட்டை மியூசியத்தில் பழைய ராணுவ உடுப்புகளைக் கண்ணாடிக்குள் வைத்துக் காட்டுகிறார்கள். அதே மரியாதை ஆவடி வீட்டு டிரங்குப் பெட்டிக்கும் உண்டு!