வெயில் காயப் போன கதை

என் நண்பர் ஒருவர் மே மாத விடுமுறையில் வெயில் காய்வதற்காக மயோர்க்கா தீவுக்குப் போய்த் திரும்பினார். புதுக்கோட்டைச் சீமையில் பிறந்து வளர்ந்தவர். சித்திரை மாதத்து நடுப்பகலில் கப்பிச் சாலையில் செருப்பில்லாமல் ஓடிக் கால் காய்த்தவர். அப்பேர்ப்பட்டவர் பல மாதத்து பாங்குக் கணக்கைக் காட்டி விசா வாங்கி, இரண்டு விமானம் மாறி, மத்தியதரைக் கடலுக்கு நடுவே ஒரு மணல்கரையில் சாய்வு நாற்காலியை வாடகைக்கு எடுத்து, மல்லாந்து படுத்து, வெயில் காய்ந்துவிட்டு வந்திருக்கிறார்!

வடக்கு ஐரோப்பாக்காரன் அங்கே போவதில் நியாயம் இருக்கிறது. பாவம், மாதக்கணக்கில் மேகத்தையும் பனியையும் பார்த்துப் பார்த்து அலுத்தவன்; சூரியனைக் கண்டால் சட்டையைக் கழற்றிவிடுகிறான். அவனுக்கு வெயில் என்பது மருந்து. நம் பக்கத்து ஆளுக்கு என்ன வந்தது? வைத்தீஸ்வரன் கோயிலிலிருந்து கும்பகோணம் போய் வெற்றிலை வாங்கினாலும் அர்த்தம் உண்டு. நெருப்பில் பிறந்தவன் குளிர் காய அசல் ஊருக்குப் போவானேன்?

ஆனால் அவர் வெயிலைப் பற்றி அதிகம் பேசவில்லை. கிராமங்களைப் பற்றித்தான் பேசினார். வால்டெமோசா, தெயா என்று மலைச்சரிவில் உள்ள ஊர்கள். கல் வீடுகள், பச்சை ஜன்னல்கள், சந்துகளில் பூந்தொட்டிகள். கைப்பேசியில் ஒவ்வொரு படமாகத் தள்ளிக்கொண்டே வந்தவர் ஒரு படத்தில் நிறுத்தினார்.

"இது இருநூறு வருஷத்து வீடு. அப்படியே வைத்திருக்கிறான் பாருங்கள். இதில்தான் ஐந்து இரவு தங்கினோம். நம்ம பக்கத்தில் என்ன சார் இருக்கிறது? பொட்டலும் புளியமரமும்!"

இந்த இடத்தில்தான் எனக்குக் கோபம் வந்தது. சித்தன்னவாசல் தாமரைக் குளத்தை அவர் மறந்தது பற்றி நான் சண்டை பிடிக்கவில்லை. நார்த்தாமலையும் கொடும்பாளூரும் குடுமியான்மலையும் எங்கேயும் ஓடிவிடப் போவதில்லை. ஆயிரம் ஆண்டு பொறுத்த கற்கள், இன்னொரு தலைமுறையின் அலட்சியத்தையும் பொறுக்கும். என் கோபம் வேறு ஒரு வீட்டைப் பற்றியது. விமானம் ஏறுவதற்கு மூன்று மாதத்துக்கு முன்னால், தம் சொந்தப் பூர்விக வீட்டை இடித்து மரச்சாமானாக விற்பதற்கு அவர் சம்மதக் கையெழுத்துப் போட்டிருந்தார்.

திருமயம் வட்டாரத்தில் ஒரு நகரத்தார் ஊர், பெயர் எதற்கு? இராயவரம், கோனாப்பட்டு, கடியாபட்டி, அரிமளம் என்று அந்தப் பக்கத்தில் எந்த ஊர்ப் பெயரைச் சொன்னாலும் இந்தக் கதை பொருந்தும். அந்த வீட்டுக்குள் நான் சிறுவயதில் போயிருக்கிறேன். முகப்பில் ஏறினால் பர்மாத் தேக்குத் தூண்கள். ஒன்றைக் கட்டிப்பிடித்தால் என் இரண்டு கைகளும் சேராது. நிலைவாசலின் நெற்றியில் கஜலட்சுமி. சுண்ணாம்பும் முட்டை வெள்ளைக்கருவும் சேர்த்துப் பூசிய சுவர், கன்னத்தை வைத்தால் பித்தளைச் செம்பு மாதிரி குளிரும். வளவைச் சுற்றிப் புள்ளிக்கு ஓர் அறை. மழை பெய்தால் நான்கு புறத்து ஓட்டிலிருந்தும் தண்ணீர் வளவில் கொட்டும். அண்டாக்களை வரிசையாக வைத்துப் பிடிப்பார்கள். நண்பரின் அப்பத்தா இரண்டாங்கட்டில் உட்கார்ந்து எங்களுக்குச் சீடை கொடுத்தது நேற்றுப் போல் இருக்கிறது. தரைக்கு இத்தாலியிலிருந்து வந்த பளிங்கு. ஆம், இவர் தேடிக்கொண்டு போன அதே கடல்பக்கத்திலிருந்து கப்பலேறி வந்த கல்தான்!

இப்போது அந்த வீட்டில் இருபத்துமூன்று பங்கு. பழைய சாமான் வியாபாரி வந்து தூணுக்கு இவ்வளவு, நிலைக்கு இவ்வளவு, உத்தரத்துக்கு இவ்வளவு என்று எண்ணிவிட்டுப் போயிருக்கிறார். வியாபாரியைக் குறை சொல்லிப் பயனில்லை; விற்பவன் இருந்தால் வாங்குபவன் வருவான். அந்த நிலைக்கதவு நாளை எங்கேயாவது ஒரு பெரிய ஹோட்டலின் கூடத்தில் நிற்கும். நண்பர் அடுத்த விடுமுறையில் அங்கே தங்கி, "எவ்வளவு அழகாக வைத்திருக்கிறான் பாருங்கள்" என்று அப்பத்தாவின் கதவையே படம் பிடித்துக்கொண்டு வந்தாலும் வருவார்.

மத்தியதரைக் கடல் மேல் எங்கள் ஊருக்கு மயக்கம் புதிதல்ல. எங்கள் ராஜாவுக்கே அது இருந்தது. மார்த்தாண்ட பைரவத் தொண்டைமான் 1915-இல் ஆஸ்திரேலியாவில் மாலி ஃபிங்க் என்ற பெண்மணியை மணந்தார். வெள்ளைக்கார சர்க்கார் அந்தப் பெண்மணியை ராணியாக அங்கீகரிக்க மறுத்துவிட்டது. தம்பதிகள் புதுக்கோட்டையில் சில மாதங்களே இருந்தார்கள். பிறகு கடல்தாண்டிப் போனவர்தான். 1922-இல் ஆட்சி உரிமையையும் விட்டுக்கொடுத்துவிட்டு, பிரான்சின் தென்கரையில் கான் நகரத்தில் வீடு வாங்கி வாழ்ந்தார். 1928-இல் பாரிஸில் காலமாகி லண்டனில் தகனமானார். அந்த மனிதரைப் பழிக்க எனக்கு மனம் வரவில்லை. ஊருக்குத் திரும்ப அவருக்கு வழி இருக்கவில்லை. என் நண்பருக்கு எழும்பூரில் பல்லவன் எக்ஸ்பிரஸ் இருக்கிறது. பிற்பகலில் ஏறினால் ராத்திரி புதுக்கோட்டையில் படுக்கலாம்.

ராஜாவுக்கும் முந்தி, அந்தக் கடல் நம்மைத் தேடி வந்த காலமும் உண்டு. ரோமாபுரிச் சக்கரவர்த்தி திபேரியஸ் தம் கடைசிப் பத்தாண்டையும் கப்ரி என்ற தீவில் உல்லாசமாகக் கழித்து கி.பி. 37-இல் இறந்தவர். மத்தியதரைக் கடல் தீவில் விடுமுறை கொண்டாடுகிற வழக்கத்துக்கு அவரைத்தான் குலகுரு என்று சொல்ல வேண்டும். சீமாட்டிகள் ரத்தினம் வாங்குகிற மோகத்தால் நம் பணமெல்லாம் அந்நியர் கைக்குப் போகிறதே என்று தம் சபைக்குப் புலம்பிக் கடிதம் எழுதியவரும் அவர்தான். அந்தப் பணம் எங்கே போயிற்று? 1898-இல் ஆலங்குடிப் பக்கம் கருக்காக்குறிச்சியில் ஒரு புதையல் கிடைத்தது. அகஸ்டஸ் முதல் வெஸ்பாசியன் காலம் வரை உள்ள 501 ரோமானியப் பொற்காசுகள்! திபேரியஸின் முகம் பதித்த காசுகளும் அதில் ஏராளம். பெரும்பாலான காசுகளில் சக்கரவர்த்தியின் முகத்துக்குக் குறுக்கே உளியால் வெட்டிய தழும்பு இருக்கிறது. யார் வெட்டியிருந்தாலும், அந்த முகத்தைக் கண்டு வாய்பிளந்து நின்றவன் வெட்டியிருக்க மாட்டான்.

சரி, மயோர்க்காவுக்கே வருவோம். அந்த மலைத்தொடரை 2011-இல் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியச் சின்னமாக அறிவித்தது. எதற்காக? மாளிகைகளுக்காக மட்டுமல்ல. சாந்து பூசாமல் கல்லைக் கல்மேல் அடுக்கிக் குடியானவர்கள் கட்டிய வரப்புகளுக்காக. அராபியர் காலம் முதல் மலைநீரைத் தோட்டத்துக்குக் கொண்டுவந்த வாய்க்கால்களுக்காக. நம்முடைய கண்மாய், மதகு, கலிங்கு, வரத்துவாரி இவற்றுக்கு அண்ணன் தம்பி முறை. அங்கே அவை பிழைத்ததற்குக் காரணம், தலைமுறை தலைமுறையாக அங்கேயே இருந்து சரிந்த கல்லைத் திரும்ப எடுத்து வைத்தவர்கள்.

அந்த மனிதர்களுக்கு இன்று என்ன நேர்ந்திருக்கிறது என்பது நண்பரின் படங்களில் இல்லை. 2024-இல் அந்தத் தீவின் தலைநகரான பால்மாவில் பல்லாயிரம் பேர் தெருவில் இறங்கி ஊர்வலம் போனார்கள். வீடெல்லாம் விருந்தாளிகளுக்கு வாடகைக்குப் போய்விட்டது, வாத்தியாருக்கும் நர்ஸுக்கும் சொந்த ஊரில் குடியிருக்க வீடு கிடைக்கவில்லை என்பது அவர்களுடைய முறையீடு. ஆக, நண்பர் ஐந்து இரவு படுத்த அறையில் படுத்திருக்க வேண்டியவன் ஒருவன் எங்கோ பட்டணத்து ஓரத்தில் ஒண்டுக்குடித்தனம் இருக்கிறான். அங்கே வீடு இருக்கிறது, வீட்டுக்காரனுக்கு இடமில்லை. இங்கே வீட்டுக்காரர்கள் இருபத்துமூன்று பேர் இருக்கிறார்கள், வீடு லாரிக்குக் காத்திருக்கிறது.

"கிணற்றுத் தவளை மாதிரிப் பேசுகிறீர்கள்" என்றார் நண்பர். போகட்டும். பிரயாணத்துக்கு நான் எதிரியல்ல. அந்த வீட்டைக் கட்டியவர்களே ரங்கூனுக்கும் மலாயாவுக்கும் கப்பலேறிப் போனவர்கள்தாம். போன இடத்தில் சம்பாதித்ததைக் கொண்டுவந்து பொட்டலில் வீடாக நிறுத்தினார்கள். பிள்ளைகளுக்குப் பரீட்சை முடிந்தால் "ஊருக்குப் போகிறோம்" என்பார்கள். அந்த ஒரு வார்த்தைதான் அப்போது விடுமுறை. எந்த ஊர் என்று யாரும் கேட்க மாட்டார்கள். நண்பருடைய மகளிடம் நான் கேட்டேன்: "ஊருக்குப் போயிருக்கிறாயா, அம்மா?" அந்தக் குழந்தை, "எந்த ஊர், அங்கிள்?" என்றது.

சௌகரியம் இல்லை என்கிறார் நண்பர். ஒப்புக்கொள்கிறேன். குளியலறை பின்கட்டில் இருக்கிறது. ஊருணியில் பிளாஸ்டிக் மிதக்கிறது. மீமிசல், கோட்டைப்பட்டினம் கரையில் சாய்வு நாற்காலி போட்டுக்கொண்டு யாரும் காத்திருக்கவில்லை; அங்கே காத்திருப்பவர்கள், கடலுக்குப் போன புருஷனை இலங்கைக் கடற்படை பிடித்துவிட்டதோ என்று நிற்கிற பெண்கள். இதெல்லாம் உண்மை. ஆனால் மயோர்க்காவுக்குச் செலவான பணத்தில் இரண்டு குளியலறை கட்டி, ஓட்டை மாற்றி, வருஷத்தில் பத்து நாள் அந்த வீட்டில் விளக்கேற்றியிருக்கலாம். இருபத்துமூன்று பங்காளிகளும் ஆளுக்குப் பத்து நாள் வந்தால் இருநூற்று முப்பது நாள் அந்த வீட்டில் அடுப்பு எரியும். இந்தக் கணக்கையும் அவரிடம் சொன்னேன். "பங்காளிகள் ஒத்துவர மாட்டார்கள், சார்" என்றார். விற்பதற்கு மட்டும் ஒத்துவருகிறார்களே!

சென்ற வாரம் அந்தப் பக்கம் போகவேண்டியிருந்தது. வீடு இன்னும் நிற்கிறது. திண்ணையில் ஆடு படுத்திருந்தது. சாவி எதிர்வீட்டு ஆச்சியிடம் இருக்கிறது. வெள்ளிக்கிழமைதோறும் திறந்து, முகப்பை மட்டும் பெருக்கி, கோலம் போட்டுவிட்டுப் பூட்டுகிறார்கள். அதற்குச் சம்பளம் கிடையாது. பதினாறு பேர் கையெழுத்துப் போட்டாகிவிட்டது, ஏழு பேர் பாக்கி என்று ஆச்சி சொன்னார்கள். அந்த ஏழு பேரில் இரண்டு பேர் சிங்கப்பூரில் இருக்கிறார்களாம். இந்தப் பக்கத்தை அவர்கள் படிக்க நேர்ந்தால், கையெழுத்துப் போடுவதற்கு முன்னால் ஒரு வெள்ளிக்கிழமை காலை வந்துவிட்டுப் போகட்டும். ஆச்சி ஒன்பது மணிக்குத் திறப்பார்கள்.