விருந்தாளி அல்ல

புயல் கரையேறிய மறுநாள் நாளேடுகளில் ஒரு படம் வருவது வழக்கமாகிவிட்டது. கரிய முதுகும் வெண்ணிற வயிறும் பிளந்த வாலுமாய் ஒரு பறவை, எவர் கையிலோ மிரண்டு கிடக்கும். படத்தின்கீழ் ‘அரிய விருந்தாளி’ என்றிருக்கும். அந்தச் சொல்லோடுதான் நமக்கு வழக்கு.

பறவை, ஆலா இனத்தது. ஆங்கிலத்தில் சூட்டி டெர்ன். புகைக்கரி நிறத்தால் வந்த பெயர் என்பதால் இப்போதைக்குக் கரி ஆலா என்போம். இனப்பெருக்கத்துக்கு மட்டும் கூட்டமாகத் தீவுகளை நாடும். லட்சத்தீவின் பிட்டி மணல்திட்டு அவ்வாறு பேர்பெற்ற இடம். அங்கிருந்து பறந்துபோன இளம்பறவை பல ஆண்டுகள் நிலத்தில் கால் வைப்பதில்லை. இதில் விந்தை, அதன் இறகு நீரைச் சரியாக விலக்காது என்பது. ஆகவே கடல்மீதும் அமர்வது அரிது. சூரை மீன்கள் துரத்த மேலெழும் சிறுமீன்களைப் பறந்தபடியே கவ்வி உயிர்வாழ்கிறது.

இப்படிப்பட்ட உயிர் சென்னைத் தெருவில் விழுந்து கிடந்தால் அதற்குப் பெயர் வலசையா? அதே பருவத்தில் வேடந்தாங்கலுக்கும் பள்ளிக்கரணைக்கும் பறவைகள் வருவதால் இரண்டையும் ஒரே சொல்லில் அடைத்துவிடுகிறோம். அவை நாடி வருகின்றன. இது காற்றால் வீசியெறியப்பட்டு, பசியிலும் களைப்பிலும் விழுந்தது. மணிமேகலையின் சாதுவன் கலம் உடைந்து நாகர் மலையில் கரையொதுங்கியதை எந்த உரையாசிரியரும் சுற்றுலா என்று எழுதவில்லை.

சொற்பிழை இங்கே உயிரைக் குடிக்கும். ஆவடியிலிருந்து கடல் இருபது கிலோமீட்டருக்கு மேல். பருத்திப்பட்டு ஏரியோ பக்கத்திலேயே. ‘தண்ணீர்ப் பறவைதானே’ என்று நல்லெண்ணத்தோடு ஏரியில் விட்டால், சோர்ந்த பறவை நனைந்து மூழ்கும். வாயில் தண்ணீர் ஊற்றுவதும் ஆபத்து. காற்றுப் புகும் உலர்ந்த அட்டைப்பெட்டி, இருட்டு, அமைதி, வனத்துறைக்கு ஒரு தொலைபேசி அழைப்பு போதும். படம் எடுக்கக் கையில் ஏந்தி நிற்கும் நேரமும் அதன் ஆயுளிலிருந்து கழிகிறது.

நாளேட்டை மட்டும் குறைசொல்லி இலக்கியவாதிகள் நழுவ முடியாது. நாரை, குருகு, சிறுவெண்காக்கை என்று பிரித்தறிந்த மொழி நம்முடையது. இன்றைய கவிதையிலோ எங்கும் ‘பெயர் தெரியாத பறவை’. அதிலொரு பெருமிதம் வேறு! சங்கப் புலவர் கண்டவையும் பெரும்பாலும் கரையோரப் பறவைகளே. ஆழ்கடலை அறிந்தவர்கள் வேறு. குமரி மாவட்டத் தூத்தூர் வட்டார மீனவர்கள் அரபிக்கடலில் வாரக்கணக்கில் தங்கிச் சுறாவும் சூரையும் பிடிப்பவர்கள். 2017 ஒக்கிப் புயலில் அவர்களுள் பலர் திரும்பவில்லை. தம் தலைக்குமேல் அன்றாடம் பறப்பதற்கு அவர்கள் பெயர் வைக்காமலா இருப்பார்கள்?

நம் தமிழ்த் துறைகளில் நெய்தல் திணை பற்றிய ஆய்வேடுகள் அடுக்கடுக்காய்க் கிடக்கின்றன. அவற்றை எழுதியவர்களுள் சிலராவது தூத்தூர்க் கரையில் நின்று கேட்டிருந்தால், ‘கரி ஆலா’ என்று ஆங்கிலத்திலிருந்து ஒரு பெயரை நாம் ஒட்டுப்போட வேண்டியிருந்திருக்காது.