தமக்கையே ஆசிரியை



"வீட்டில் பாடம் சொல்லித்தர நாங்கள் என்ன வாத்தியார்களா, சாமி?" என்று நீங்கள் வினவும்போதெல்லாம் புனித குழந்தை தெரேசம்மாளின் இல்லம் என் நினைவுக்கு வரும்.

1877 ஆகஸ்டில் தாய் மரித்தபோது தெரேசாவுக்கு வயது 4. நவம்பரில் குடும்பம் பிரான்சு நாட்டின் லிசியே நகரில் குடியேறியது. குழந்தைக்கு ஆசிரியையானவள் 16 வயதுத் தமக்கை பவுலீன். அப்போதுதான் பள்ளிப் படிப்பை முடித்தவள். காலையில் பாடம். ஞானோபதேசமும் விவிலிய வரலாறும் குழந்தைக்குத் தேன், இலக்கணமோ கண்ணீர். பாடம் முடிந்ததும் மாடியறையிலிருக்கும் தந்தையிடம் ஓடி மதிப்பெண்ணைக் கூறுவாள். 'முழு மதிப்பெண்தானே?' என்று தான் கேட்குமுன் அக்காளே அதனைச் சொல்லிவிட்டால்தான் அவளுக்கு முழு மகிழ்ச்சி! பிற்பகலில் தந்தையோடு உலா. வழியில் நற்கருணைச் சந்திப்பு. நன்கு படித்தால் எப்போதாவது ஒருநாள் விடுமுறை. அந்நாள் மற்ற நாள்களைவிட நீண்டதாகத் தோன்றியதாம். (நம் சிறுவர்கள் இதை நம்பமாட்டார்கள்!)

எட்டரை வயதில் அவள் கன்னியர் மடத்துப் பள்ளியில் சேர்க்கப்பட்டாள். அங்குக் கழித்த 5 ஆண்டுகளே தன் வாழ்வில் மிகத் துயரமானவை எனப் பின்னாளில் எழுதினாள். பள்ளிகளைப் பழிக்க இதனைக் கூறவில்லை. என் பங்கிலும் பள்ளி உண்டு. ஆனால், மாலைதோறும் வீடு திரும்பியதும் அவள் தந்தையின் மடியிலேறி அன்றைய மதிப்பெண்களைக் கூறுவாள். அவர் முத்தமிட்டதும் பகற்பொழுதின் துயரமெல்லாம் அவளுக்கு மறந்துபோகும்.