குழந்தைகளைத் தின்றவர்கள்

'ஹோகஸ் போகஸ்' எனக்குப் பிடித்த படம். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பின்னால் வருவதைப் படித்துவிட்டு, பெண்ணியவாதிகளுக்குச் சிரிக்கத் தெரியாது என்று யாரும் ஆரம்பிக்க வேண்டாம்.

நியூ ஜெர்சியில் என் அக்கா வீட்டில் அந்தப் படம் இல்லாமல் ஹாலோவீன் இரவு முடியாது. தெருவெல்லாம் சுற்றி வாங்கிவந்த மிட்டாயைப் பிள்ளைகள் தரையில் கொட்டிப் பங்கு பிரிக்கும்போது அது ஓடிக்கொண்டிருக்கும். 1993 ஜூலையில் டிஸ்னி வெளியிட்டபோது திரையரங்கில் எடுபடாத படம். அக்டோபர்தோறும் தொலைக்காட்சியில் போட்டுப் போட்டே அமெரிக்கக் குடும்பங்களின் சடங்காகிவிட்டது. பெட் மிட்லர் பல்லை நீட்டிக்கொண்டு வந்து நின்றாலே எனக்குச் சிரிப்பு வரும். துடைப்பம் கிடைக்காத தங்கை வேக்குவம் கிளீனரில் ஏறிப் பறப்பதை எத்தனை முறை வேண்டுமானாலும் பார்ப்பேன். வீட்டைச் சுத்தம் செய்யும் கருவியில் ஏறி வானத்தில் போகும் பெண்ணை யாருக்குத்தான் பிடிக்காது?

படத்தின் தொடக்கம் 1693இல். ஊர் சேலம், நம் சேலம் அல்ல, மாசசூசெட்ஸில் இருப்பது. சிறுமி ஒருத்தியின் உயிரை உறிஞ்சி இளமை பெற்ற மூன்று சகோதரிகளை ஊரார் தூக்கிலிடுகிறார்கள். அக்காவின் ஏழு வயது மகள் மிட்டாயைக் கடித்தபடி கேட்டாள்: "சித்தி, அவங்களைத் தூக்குல போட்டது கரெக்ட்தானே?"

படத்தின்படி கரெக்ட்தான். என் சண்டை அங்கேதான்.

உண்மையான சேலத்தில் 1693இல் யாரையும் தூக்கிலிடவில்லை. எல்லாம் 1692 ஜூன் முதல் செப்டம்பருக்குள் நடந்து முடிந்தது. தூக்கில் தொங்கியவர்கள் 19 பேர், அவர்களில் 14 பேர் பெண்கள். முதியவர் ஒருவரைக் கல் ஏற்றி நசுக்கிக் கொன்றார்கள். ஒருவர்கூடச் சூனியக்காரர் இல்லை. படத்துக்கு மூன்று பெண்கள்தான் வேண்டுமென்றால் அவர்களும் வரலாற்றிலேயே இருந்தார்கள். முதலில் கைதானவர்கள் மூவர். சாரா குட், வீடு வீடாகப் பிச்சை கேட்டு, கொடுக்காத வாசலில் முணுமுணுத்துவிட்டுப் போனவர். சாரா ஆஸ்போர்ன், கணவர் இறந்தபின் பண்ணையாளை மணந்து, நிலத் தகராறில் சிக்கியவர். டிட்டுபா, அடிமை. ஏழை, மறுமணம் செய்தவர், அடிமை. எந்த ஊரில் ஆள் தேடினாலும் இந்த வரிசையில்தான் தேடுவார்கள்.

குழந்தைகள் விஷயத்துக்கு வருகிறேன். சாரா குட்டின் மகள் டாரத்திக்கு அப்போது நான்கைந்து வயது. அவளையும் சூனியக்காரி என்று பிடித்து, சங்கிலி போட்டு, ஏழெட்டு மாதம் சிறையில் வைத்தார்கள். சாராவின் கைக்குழந்தை சிறையிலேயே இறந்தது. ஜூலையில் சாராவைத் தூக்கிலிட்டார்கள். டாரத்தி உயிரோடு வெளியே வந்தாள், ஆனால் அறிவு தெளியவே இல்லை என்று 1710இல் அவள் தந்தை இழப்பீடு கேட்டு எழுதினார்.

சேலத்தில் குழந்தைகளை உறிஞ்சிக் குடித்தது நீதிமன்றம். படம் அந்தப் பழியைத் தூக்கி, தூக்குக் கயிற்றில் தொங்கிய பெண்களின் தலையில் போட்டுவிட்டுப் பாட்டுப் பாடுகிறது.

"குழந்தைகள் படம்தானே, விடுங்க மேடம்" என்பார்கள். கதாநாயகப் பையன் கன்னி கழியாதவன் என்று படம் முழுக்கக் கிண்டல் செய்யலாம், அது குடும்பத்தோடு பார்க்கத் தகும். தப்பே செய்யாத பெண்களைக் கொன்றார்கள் என்று சொல்வது மட்டும் தகாதோ? 2022இல் வந்த இரண்டாம் பாகம் கொஞ்சம் பரிகாரம் தேடியது. மூத்தவள் 16 வயதில் கல்யாணத்துக்கு மறுத்ததால் பாதிரியார் அவளை ஊரைவிட்டு விரட்டுவதாகக் காட்டினார்கள். நல்லது. பிள்ளை தின்னும் ஆசையை மட்டும் விட மனம் வரவில்லை.

அதே 2022இல்தான் எலிசபெத் ஜான்சனின் பெயர் துடைக்கப்பட்டது. 1693இல் மரண தண்டனை விதிக்கப்பட்டு, ஆளுநரின் ஆணையால் தப்பியவர். குற்றவாளிப் பட்டியலில் கடைசியாக மிஞ்சியிருந்த பெயர் அவருடையது. மாசசூசெட்ஸ் சட்டமன்றத்தை விடாமல் கேட்டு அதைச் செய்யவைத்தவர்கள் எட்டாம் வகுப்புப் பிள்ளைகளும் அவர்கள் ஆசிரியையும். குழந்தைகளுக்கு இதெல்லாம் புரியாது என்பவர்கள் அவர்களிடம் போய்ச் சொல்லட்டும்.

இது அமெரிக்கர்களின் பழங்கதை என்று ஒதுக்க நமக்கு வழியில்லை. சூனியக்காரி என்று சொல்லி விரட்டப்பட்ட ஜார்க்கண்டின் சுட்னி மஹதோ, அதே பழி சுமந்த மற்றப் பெண்களுக்காகப் போராடியதற்கு 2021இல்தான் பத்மஸ்ரீ பெற்றார். அங்கே 2001இலேயே சட்டம் வந்துவிட்டது. கொலைகள் நிற்கவில்லை.

படத்தை நிறுத்திவிட்டு அக்கா மகளிடம் டாரத்தியைப் பற்றிச் சொன்னேன். "ஹாலோவீன் அன்னைக்கு இதெல்லாம் தேவையாடி?" என்று அக்கா முறைத்தாள். பிள்ளை கொஞ்ச நேரம் யோசித்தாள்.

"என்னைவிடச் சின்னப் பொண்ணா?"

"ஆமா."

மீண்டும் படத்தை ஓடவிட்டோம். வேக்குவம் கிளீனர் வந்தபோது இரண்டு பேரும் சிரித்தோம்.