கிணற்றடித் தொண்டு

யாழ்ப்பாணக் குடாநாட்டில் வற்றாத ஆறு ஒன்றேனும் இல்லை. சுண்ணாம்புக்கற் பாறையிடையே தங்கும் மழைநீரே அதன் உயிர்நாடி. அந்நீரில், சுன்னாகம் மின்நிலையச் சூழலில், எண்ணெய் கலந்தமை 2014, 2015ஆம் ஆண்டுகளிற் பெரும் பொதுப் பிரச்சினையாயிற்று. பொதுநலன் கருதிச் சூழலியல் ஆர்வலர் ஒருவர் தொடுத்த வழக்கில், மின்னுற்பத்தி நிறுவனமொன்று இரண்டு கோடி ரூபா நட்டஈடு வழங்கவேண்டுமென உயர் நீதிமன்றம் 2019 ஏப்ரல் 4இல் தீர்ப்பளித்தது.

தொண்டு யாது என்பதற்கு இதனினும் தெளிவான சான்று வேண்டியதில்லை. ஆயினும் இளைஞரிடையே தொண்டு இன்று சான்றிதழாகவும் நிழற்படமாகவும் சுருங்கிவிட்டது. காலையிற் பற்றை வெட்டி நண்பகலிற் கலைந்து செல்வதற்குச் சிரமதானம் என்று பெயர்! மாரி பெய்ததும் பற்றை மீண்டும் முளைக்கிறது. 1958இல் ஏ. ரீ. ஆரியரத்ன கொழும்பு நாளந்தாக் கல்லூரி மாணவரைக் கனதொலுவக் கிராமத்துக்கு அழைத்துச் சென்றது, அங்கே தங்கி, ஒதுக்கப்பட்ட மக்களோடு உண்டு உழைக்கவே.

நீரைக் காப்பது அரசின் கடமையன்றோ என்பர் சிலர். கடமைதான். ஆனால் கிணற்றில் எண்ணெய்ப் படலத்தை முதலிற் காண்பது அரசன்று, வாளியால் அள்ளுபவளே. அவளது சொல்லுக்கு ஏடும் எண்ணும் துணைநின்றால் அலுவலகக் கதவு விரைந்து திறக்கும். இரசாயனம் கற்கும் மாணவர் இருவர், அயலிலுள்ள சனசமூக நிலையம், ஒரு கொப்பி: தொடக்கத்துக்கு இவை போதும். பத்துக் கிணறுகள், மாதம் ஒருமுறை நீர்மட்டம், மணம், படலம் பற்றிய குறிப்பு, ஐயமெழின் ஆய்வுகூடப் பரிசோதனை. எண்ணெய் மட்டுமா? வெங்காயத் தோட்டத்து உரமும் மலகூடக் குழியும் தரும் நைத்திரேற்று, வலிகாமத்தின் பழைய நோய். ஆய்வுகூடத்தில் வாய்ப்பாடாய்க் கிடந்த கல்வி அக்கிணற்றடியிற் பொருள் பெறும். பரீட்சை முடிந்து மாணவர் பிரிகையில் அக்கொப்பி அடுத்த வகுப்பினர் கைக்கு மாறவேண்டும். ஓராண்டுக் குறிப்பு நீரின் போக்கைக் காட்டாது.