பரணில் கிடப்பது பிணம் அல்ல

ஐயா, போன வாரம் வாலிகண்டபுரத்தில் நீங்கள் பேசியதைக் கடைசி வரிசையில் நின்று கேட்டேன். அரசு கொடுத்த விலையில்லா மடிக்கணினிகளை "ரெண்டு வருஷத்துக் குப்பை" என்றீர்கள். பையன்கள் சினிமா பார்த்தே பேட்டரியைத் தீர்த்தார்கள், இடம் நிறைந்ததும் பரணில் போட்டார்கள், அந்தக் காசைக் கையில் கொடுத்திருந்தால் குடும்பத்துக்காவது ஆகியிருக்கும் என்றீர்கள். கூட்டம் கை தட்டியது. எனக்கு வயிறு எரிந்தது. நீங்கள் சொன்ன எதுவுமே ஒரு மடிக்கணினியைத் திறந்து பார்த்துச் சொன்னதில்லை.

முதலில் பேட்டரி. பிள்ளைகள்மேல் நீங்கள் பழி போட்டது அங்கேதான். முழுசாக ஏற்றி முழுசாக இறக்குவது ஒரு சுற்று என்றால், சாதாரண மடிக்கணினியின் லித்தியம் அயன் பேட்டரி 300 முதல் 500 சுற்று வரை நன்றாகத் தாங்கும். பிறகு கொள்ளளவு சரியத் தொடங்கும். நாளுக்கு ஒரு சுற்று என்று வைத்தாலே ஒன்றரை வருஷத்துக்குள் அந்தக் கணக்கு முடிந்துவிடும். பாடம் படித்தாலும் படம் பார்த்தாலும் பேட்டரிக்கு அது ஒரே சுற்றுதான். அப்படியிருக்க, உழைத்துத் தேய்ந்த பொருளைக் காட்டி ஒழுக்கப் பாடம் எடுப்பது என்ன நியாயம்?

திட்டம் தொடங்கியது 2011 செப்டம்பர் 15. அடுத்த ஆண்டே சென்னைக்கு வெளியே தினமும் பல மணி நேர மின்வெட்டு. கரண்ட் எப்போது வரும், எப்போது போகும் என்று தெரியாத வீட்டில், வந்த நேரமெல்லாம் சார்ஜரைச் செருகியே வைத்தார்கள். நம் சித்திரை வெயிலில், ஆஸ்பெஸ்டாஸ் கூரைக்குக் கீழே, 100 சதவீதத்திலேயே நிற்கும் பேட்டரி சீக்கிரம் மூப்படையும். சூடும் முழுச் சார்ஜும் சேர்ந்தால் உள்ளிருக்கும் ரசாயனம் அப்படித்தான் வேலை செய்யும். அதற்கு அந்தப் பிள்ளை என்ன செய்வான்?

இன்னொன்றும் இருக்கிறது. அதை நினைத்தால்தான் எனக்குக் கோபம் அடங்குவதில்லை. என் அக்கா மகள் நர்சிங் சேர்ந்து விடுதிக்குப் போனபோது, அங்கே தொலைந்துவிடும் என்று பயந்து அக்கா அந்த மடிக்கணினியைப் பீரோவில் பட்டுச்சேலைக்கு அடியில் வைத்துப் பூட்டினாள். எட்டு மாதம் கழித்து எடுத்தால் சார்ஜ் ஏறவில்லை. சும்மா கிடக்கும் பேட்டரியும் கொஞ்சம் கொஞ்சமாக இறங்கும். அளவுக்கு மீறி இறங்கிவிட்டால், ஆபத்து வேண்டாம் என்று அதன் உள்ளே இருக்கும் பாதுகாப்புச் சுற்றே மின்சாரத்தை வாங்க மறுத்துவிடும். எத்தனையோ வீடுகளில் நடந்தது இதுதான். சினிமா பார்த்துக் கெட்டதில்லை, பொக்கிஷம் என்று பூட்டி வைத்துக் கெட்டது. பாதி சார்ஜில் வை, ரெண்டு மூணு மாதத்துக்கு ஒரு தரம் எடுத்து ஏற்று என்று அக்காவுக்கு யார் சொன்னார்கள்? முப்பது வருஷம் ஆசிரியராக இருந்த நீங்கள் யாருக்காவது சொன்னீர்களா?

பேட்டரி போனால் கணினியே போய்விட்டதாகவும் ஆகாது. பழைய மாடல்களில் அடிப்பக்கத்துக் கொக்கிகளை நகர்த்தினால் பேட்டரி கையோடு வந்துவிடும். அது இல்லாமலே பெரும்பாலானவை சார்ஜரில் ஓடும். அக்கா மகளுடையது இன்றும் அப்படித்தான் ஓடுகிறது.

அடுத்து இடம். "320 ஜிபி என்று சொல்லிவிட்டு 298 தான் கொடுத்தார்கள், மிச்சம் யார் வயிற்றில் போனது?" என்று கேட்டீர்களே, அதற்குத்தான் பெரிய கைத்தட்டல். யார் வயிற்றிலும் போகவில்லை, ஐயா. ஹார்ட் டிஸ்க் செய்பவர்கள் ஆயிரம் ஆயிரமாக எண்ணுகிறார்கள், விண்டோஸ் 1,024 ஆக எண்ணுகிறது. ஒரே இடம், இரண்டு அளவுகோல். இன்று கடையில் 500 ஜிபி என்று வாங்கினாலும் 465 தான் காட்டும். தெரியாததைக் கேட்பதில் தப்பில்லை. தெரியாததை வைத்துத் திருட்டுப் பட்டம் கட்டியதுதான் தப்பு.

இடம் தீர்ந்து சிவப்புக் கோடு வந்த கணினிகள் பலவற்றைப் பார்த்திருக்கிறேன். சி டிரைவ் நிறைந்திருக்கும், பக்கத்திலேயே டி டிரைவ் காலியாகக் கிடக்கும். டவுன்லோட்ஸில் ஒரே ஹால் டிக்கெட் ஏழு தரம் இறங்கியிருக்கும். தற்காலிகக் கோப்புகள், குப்பைத் தொட்டி, விண்டோஸை மேம்படுத்தியபின் தங்கிய பழைய விண்டோஸ், தூங்கும்போது நினைவகத்தை எழுதி வைக்கும் ஹைபர்னேஷன் கோப்பு என்று ஒவ்வொன்றும் ஜிபி கணக்கில் தின்னும். டிஸ்க் கிளீனப்பை ஓட்டி, படங்களை டி டிரைவுக்கு மாற்றினால் ஒரு மணி நேர வேலை. பிரவுசிங் சென்டர் பென்டிரைவிலிருந்து ஷார்ட்கட் வைரஸ் வந்து, கோப்புகளை மறைத்து வைத்திருக்கும்; எல்லாம் போச்சு என்று பயந்து ஃபார்மட் அடித்தவர்கள் எத்தனை பேர்! கோப்புகள் அங்கேயேதான் இருந்தன.

கையில் காசு கொடுத்திருக்கலாம் என்கிறீர்கள். பருத்தியும் மக்காச்சோளமும் போடும் ஊர்க்காரர் பேசுகிற பேச்சா இது? 2018-ல் படைப்புழு நம் மக்காச்சோளத்தைத் தின்றபோது, கையிலிருந்த எந்தக் காசு மிஞ்சியது? காசாக வந்திருந்தால் மருந்துக்கடைப் பாக்கிக்குப் போயிருக்கும், அப்படிப் போனதற்கு யாரையும் குறை சொல்லவும் முடியாது. பொருளாக வந்ததால்தான் அது பிள்ளையின் பெயரில் வீட்டில் நின்றது.

விண்டோஸ் 10-க்கான ஆதரவும் 2025 அக்டோபர் 14-ஓடு முடிந்துவிட்டது, இனி இவை எதற்கு என்று நீங்கள் அடுத்துக் கேட்கலாம். இந்தக் கணினிகளில் விண்டோஸோடு பாஸ் லினக்ஸ் என்ற இயங்குதளமும் போட்டுத்தான் கொடுத்தார்கள். அதை உருவாக்கியது சி-டாக் நிறுவனம், சென்னையில். பழைய கணினியைத் தாங்கும் இலேசான லினக்ஸ்கள் இன்றும் இலவசமாகக் கிடைக்கின்றன. சுழலும் ஹார்ட் டிஸ்க்கைக் கழற்றி அதே இடத்தில் ஒரு எஸ்எஸ்டி மாட்டினால், பத்து நிமிஷம் முக்கிய பெட்டி ஒரு நிமிஷத்துக்குள் எழுந்து நிற்கும்.

உங்கள் பேரனுடையதும் பரணில்தான் கிடக்கிறது என்று நீங்களே சொன்னீர்கள். ஞாயிற்றுக்கிழமை காலை அதை வாலீஸ்வரர் கோயில் பக்கம் எடுத்து வாருங்கள், ஸ்க்ரூ டிரைவரோடு நான் வருகிறேன். அடிப்பக்கம் உப்பியிருந்தால் மட்டும் சார்ஜரில் செருகாதீர்கள், அழுத்தாதீர்கள், அப்படியே கொண்டு வாருங்கள். சார்ஜரை மறக்க வேண்டாம்.